நாலு தலைமுறை, மூன்று இரவு, ஒரு கொட்டேஜ்: ஒன்ராறியோ இலையுதிர்காலப் பயணத்துக்கு முழு வழிகாட்டி

அம்மம்மாவுக்கு 86 வயது. கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. இலை சிவப்பதை அவர் பார்த்ததெல்லாம் அடுக்குமாடிப் பல்கணியிலிருந்தும், கோயிலுக்குப் போகிற காரின் கண்ணாடி வழியாகவும்தான். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தாங்ஸ்கிவிங் வார இறுதிக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு, அப்பா அம்மா, தங்கச்சி குடும்பம், எங்கள் குடும்பம் என்று 12 பேராக ஹலிபர்ட்டன் பக்கம் ஓர் ஏரிக்கரைக் கொட்டேஜுக்குப் போனோம். அந்தப் பயணத்தில் பாதி பிழையாய்ப் போனது. அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்விட்டோம். எங்கே பிழை விட்டோம், எப்படிச் சரிக்கட்டினோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பயணத்தை அம்மம்மாவின் முழங்காலை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். பிள்ளைகளின் ஆசையையோ, படத்தில் பார்த்த ஏரியையோ வைத்துத் தொடங்கினால் கடைசியில் ஒருவர் வான் வண்டிக்குள் இருந்து கண்ணாடிக்குள்ளால் பார்க்க வேண்டி வரும். முழங்காலுக்குச் சரிவருகிற வீடு, அதற்குச் சரிவருகிற தூரம், அதற்குச் சரிவருகிற நேரம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்து சேரும்.

படி 1: தேதி

நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வரும். அல்கோன்குயின் பூங்காவின் சர்க்கரை மேப்பிள் மரங்கள் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலும் ஒக்டோபர் முதல் வாரத்திலும் உச்சத்துக்கு வரும். ஹலிபர்ட்டன், மஸ்கோக்கா பக்கம் சில நாள் பிந்தும். ரொறொன்ரோவைச் சுற்றி ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான். ஒன்ராறியோ பார்க்ஸ் இணையத்தளத்தில் எந்தப் பூங்காவில் நிறம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பருவம் முழுக்கப் போடுவார்கள். அதைப் பாருங்கள்.

தாங்ஸ்கிவிங் ஒக்டோபரின் இரண்டாவது திங்கள். அதாவது 8 முதல் 14 வரைக்குள் ஏதாவது ஒரு நாள். 8ஆம் தேதி வந்தால் அதிர்ஷ்டம். 14ஆம் தேதி வந்தால் வடக்கே மேப்பிள் பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கும். அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை, பொப்லர், பேர்ச் மரங்கள் மஞ்சளாக நிற்கும். சதுப்பு ஓரங்களில் டமராக் என்றொரு ஊசியிலை மரம் பொன்னிறமாகும். ஊசியிலை மரம் இலை உதிர்க்குமா என்று கேட்பீர்கள். இது உதிர்க்கும்.

என்னைக் கேட்டால், அதற்கு முந்திய வார இறுதிதான் நல்லது. சிவப்பும் கூட, சனமும் குறைவு. ஆனால் 12 பேருக்கு ஒரே நேரத்தில் லீவு கிடைப்பது அந்த நீண்ட வார இறுதியில் மட்டும்தான் என்றால் என்ன செய்வது.

நம்மவர்கள் மறந்துபோகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த நிறக்காலம் அப்படியே புரட்டாதி மாதம். தாங்ஸ்கிவிங் சனிக்கிழமை எந்த வருடமும் புரட்டாதிச் சனியாகத்தான் இருக்கும். சில வருடம் நவராத்திரியும் சேர்ந்து வரும். வீட்டில் விரதம் பிடிக்கிறவர்கள் இருந்தால், சாப்பாட்டுத் திட்டத்தைத் தேதி குறிக்கும்போதே யோசியுங்கள். முதல் தடவை நாங்கள் சனிக்கிழமைக்கு ஒரு பெட்டி நண்டு வாங்கி வைத்துவிட்டு, அம்மம்மா "இண்டைக்குச் சனி எல்லே?" என்று கேட்டபோதுதான் விழித்தோம்.

படி 2: தூரம்

வயதானவர்களோடு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடாதீர்கள். வழியில் இரண்டு தடவை நிற்பதையும் சேர்த்தால் அதுவே நாலு ஆகிவிடும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்திலிருந்து ஹலிபர்ட்டனுக்கு 115 பிடித்து, 35ஆம் நெடுஞ்சாலையில் லின்ட்சே, கொபோகொங்க், மின்டன் என்று ஏறலாம். ஹன்ட்ஸ்வில் பக்கம் என்றால் 400, பிறகு 11. வெள்ளி பின்னேரம் 400இல் வண்டி நெரிசல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நாங்கள் 35தான் போவது. கழிவறைக்கு நிற்க லின்ட்சே இருக்கிறது. அடுத்தது மின்டனில், 1937இல் பொப்கேஜனில் தொடங்கிய கவார்த்தா டெயரியின் ஐஸ்கிரீம் கடை. குளிரில் ஐஸ்கிரீமா என்று அப்பா வருடா வருடம் கேட்பார். வருடா வருடம் இரண்டு கரண்டி சாப்பிடுவார்.

படி 3: வீடு பிடித்தல்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். தாங்ஸ்கிவிங்குக்கான பெரிய வீடுகள் வேளைக்கே போய்விடும். வசந்தகாலத்திலேயே பிடித்துவிடுங்கள்.

எங்கள் முதல் வீட்டின் விளம்பரத்தில் "ஒரே தளம்" என்று இருந்தது. தளம் ஒன்றுதான். ஆனால் கார் நிற்கிற இடத்திலிருந்து வாசலுக்கு 17 படி இறங்க வேண்டும், கைபிடி ஒரு பக்கம் மட்டும். இருட்டில், மழைத் தூறலில், ஈர இலை மூடிய படிகளில் அம்மம்மாவை நானும் மச்சானும் கதிரையோடு தூக்கி இறக்கினோம். அவர் வழி முழுக்கக் கந்தசஷ்டி கவசம் சொன்னார். மூன்று நாளும் அவர் அந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது பணம் கட்டுவதற்கு முதல் வீட்டுக்காரருக்கு நேராக எழுதிக் கேட்கிறேன்:

காரிலிருந்து கதவு வரை எத்தனை படி, படம் அனுப்ப முடியுமா? கீழ்த்தளத்தில் படுக்கையறையும் கழிவறையும் பக்கத்தில் இருக்கின்றனவா? குளிப்பது தொட்டிக்குள் கால் தூக்கி வைத்தா, நேராக நடந்து போயா? சூடாக்குவது மின்சாரமா, விறகா? குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? வெளியே காஸ் அடுப்பு இருக்கிறதா?

கடைசி இரண்டும் முக்கியம். நிறைய இடங்களில் தண்ணீர் ஏரியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வரும். சந்தேகம் என்றால் 18.9 லீற்றர் போத்தல் இரண்டை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே அடுப்பு எதற்கு என்றால், செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்தால் அந்தச் சின்னக் குசினியில் புகை எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கும். அதற்காக அதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் அதுவும் கார்பன் மொனொக்சைட் கருவியும் வேலை செய்ய வேண்டும். போனதும் பொத்தானை அமத்திப் பாருங்கள்.

போவதற்கு முதல் வீட்டின் சிவிக் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதையோரத்தில் சின்னப் பலகையில் இருக்கும் இலக்கம் அதுதான். 911 அழைத்தால் அதைத்தான் கேட்பார்கள். காட்டுப் பக்கம் கைபேசி சிக்னல் நம்ப முடியாது, வரைபடத்தை முதலே தரவிறக்கிக்கொள்ளுங்கள். மின்டன் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு 2023 ஜூனில் மூடப்பட்டது, இப்போது ஹலிபர்ட்டனுக்குத்தான் ஓட வேண்டும். பழைய நினைவில் மின்டனுக்கு விரைந்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 4: யார் எங்கே படுப்பது

போய் இறங்கின பிறகு முடிவெடுத்தால் சண்டை. வீட்டின் படங்களைப் பார்த்து முதலே பிரித்துவிடுங்கள். கழிவறைக்குப் பக்கத்து அறை அம்மம்மாவுக்கு, அதே அறையில் இரவில் எழும்பிப் பார்க்கக்கூடிய ஒருவர். குறட்டைக்காரர் தூர. பதின்வயதுக்காரர்களுக்கு நிலக்கீழ் அறை, அவர்களுக்கு அதுதான் சொர்க்கம். அறைக்கும் கழிவறைக்கும் நடுவே சுவரில் செருகும் சின்ன இரவு விளக்கு இரண்டு, குளியலறைக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு. டொலர் கடையில் கிடைக்கிற இந்தச் சாமான்கள் காப்பாற்றுகிற இடுப்பெலும்பு கொஞ்சநஞ்சமல்ல.

படி 5: சாப்பாடு

வாடகை வீட்டுச் சட்டிகளை நம்ப வேண்டாம். பாஸ்தா அவிக்க ஒரு பானை, முட்டை பொரிக்க ஒரு தாச்சி, முனை மழுங்கின கத்தி. இவ்வளவுதான் இருக்கும். நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், தட்டுகள், ஒரு பெரிய அலுமினியப் பானை, நல்ல கத்தி, மிக்ஸி, தேங்காய்ப்பூப் பக்கெற், கறித்தூள் இவை வீட்டிலிருந்து வர வேண்டும்.

வெள்ளி இரவு யாரும் சமைக்கக் கூடாது. ரோல்ஸ், மாலுபாண் (மீன் பணிஸ்), பயணத்திலே சாப்பிடக் கட்டிய புட்டு, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி. வெள்ளியும் சைவம் என்பவர்களுக்கு மரக்கறி ரோல்ஸ் தனிப் பெட்டியில், மேலே பெயர் எழுதி.

சனி முழுக்கச் சைவம். இடியப்பம், சொதி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். சாப்பிடுவதற்கு முதல் காகத்துக்கு வைக்க வேண்டும் என்று அம்மம்மா நின்றார். அந்த ஏரிக்கரையில் அன்றைக்கு ஒரு காகம் இல்லை. வெளித்தளத்தின் கைபிடியில் ஒரு பிடி இடியப்பம் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். நீலமும் வெள்ளையுமாக ஒரு புளூ ஜே வந்து கொத்தியது. "இது காகமில்லையே" என்று அம்மம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அது காகக் குடும்பத்துப் பறவைதான் என்று 14 வயது மகன் கைபேசியில் தேடிக் காட்டினான். புளூ ஜேஸ் பேஸ்போல் அணியின் தொப்பி அணிந்திருந்தவன், அவனுக்கு அன்று இரட்டைச் சந்தோஷம். "சொந்தக்காரன் எண்டால் சரி" என்று அம்மம்மா சாப்பிட உட்கார்ந்தார். மிச்சத்தை மட்டும் உடனே துடைத்து எடுத்துவிடுங்கள். கரடியும் ரக்கூனும் உள்ள ஊர், குப்பைப் பையும் இரவில் வெளியே இருக்கக் கூடாது. மாகாணப் பூங்காக்களுக்குள் என்றால் பறவைக்கோ விலங்குக்கோ சாப்பாடு வைப்பதே கூடாது.

ஞாயிறு கூழ். இந்தப் பயணத்துக்கு ஒரு நடுப்புள்ளி வேண்டும் என்றால் அது இதுதான். வான்கோழி வாட்டுவதைவிட இது சுலபம், 12 பேரும் ஒரே பானையைச் சுற்றி இருப்பார்கள். ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) ஸ்காபரோ தமிழ்க் கடைகளில் கிடைக்கும். உறைந்த பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலையும் அங்கேயே வாங்கலாம். மாவை இரண்டு மணித்தியாலமாவது தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை இரண்டு மூன்று தடவை வடித்தால் காறல் போகும். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய். அவை பாதி வெந்ததும் மீன் தலை, நண்டு, இறால். பிறகு பழப்புளிக் கரைசல், அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பு. கடைசியில் ஊறின மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவி, இறக்கும் முன் முருங்கையிலை.

அம்மம்மாவை இங்கே சும்மா இருத்தி வைக்காதீர்கள். நாங்கள் முதல் வருடம் செய்த பெரிய பிழை அதுதான். "நீங்கள் பேசாமல் இருங்கோ அம்மம்மா, நாங்கள் பார்க்கிறம்" என்று போர்வையைப் போர்த்தி மூலையில் வைத்துவிட்டோம். மூன்றாம் நாள் அவர் "என்னை எப்ப வீட்ட கொண்டுபோய் விடுவியள்?" என்று கேட்டார். அடுத்த வருடம் வெளி அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, கையில் அகப்பையைக் கொடுத்தோம். நண்டு உடைக்க மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தார், புளி காணாது என்றார், தங்கச்சி கரைத்த மாவைக் கட்டி என்று திருப்பி அனுப்பினார். பிள்ளைகள் கூழ் குடிக்கப் பலா இலைக்குப் பதிலாக மேப்பிள் இலையைக் கோலிப் பார்த்தார்கள், ஒழுகியது. கிண்ணம்தான் சரி.

கொட்டேஜ் கழிவுநீர் நிலத்துக்குக் கீழே உள்ள தொட்டிக்குத்தான் போகும். கறி எண்ணெயையும் சோற்றையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், ஈரத் துடைதாளைக் கழிவறைக்குள் போடாதீர்கள்.

படி 6: கட்டுதல்

பகலில் 10 முதல் 15 பாகை, இரவில் பூச்சியத்தை ஒட்டி இறங்கும் என்று நினைத்துக் கட்டுங்கள். வெயில் நின்றால் நாளெல்லாம் இளஞ்சூடாகவும் இருக்கும். அதனால் ஒரு பெரிய ஜக்கெற்றைவிட அடுக்கடுக்காகப் போடுவது நல்லது. வயதானவர்களுக்குக் கம்பளிக் காலுறை, தொப்பி, அடிப்பாகம் வழுக்காத சப்பாத்து. சேலைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், உள்ளே தேர்மல் காற்சட்டை. அம்மம்மா முதலில் வெட்கப்பட்டார். இப்போது வீட்டிலும் போடுகிறார்.

மருந்து நாலு நாளுக்கு அல்ல, ஆறு நாளுக்கு. பட்டியலின் படம் இரண்டு பேரின் கைபேசியில். இன்சுலினை இரவில் காருக்குள் விடக் கூடாது, உறைந்தால் பயனில்லை. கழிவறைக்கு ஒரு பிளாஸ்டிக் ஜக். இதை யாரும் எழுதமாட்டார்கள், ஆனால் எல்லாரும் போன பிறகுதான் தேடுவார்கள். விளையாடக் கடதாசிக் கட்டு ஒன்று, டோர்ச், மடக்குக் கதிரை இரண்டு. விறகு கொண்டுபோக வேண்டாம். மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் பரவுகின்றன. அங்கேயே வாங்குங்கள். நெருப்பு மூட்ட நேரக் கட்டுப்பாடு இருக்கும், வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

படி 7: வெள்ளி, வெளிக்கிடுதல்

மத்தியானத்தோடு ஒரு வண்டியாவது கிளம்ப வேண்டும், அம்மம்மா அதில். ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மானும் மூஸும் வீதிக்கு வருவது அந்தியிலும் விடியலிலும்தான். பிள்ளைகள் வண்டி மாறி ஏறுவார்கள், இருக்கையும் அவர்களோடு மாற வேண்டும். ஒன்ராறியோவில் 8 வயதாகவோ, 36 கிலோவாகவோ, 145 சென்ரிமீற்றர் உயரமாகவோ ஆகும் வரை பூஸ்டர் இருக்கை கட்டாயம்.

படி 8: சனி, நிறம் பார்த்தல்

அல்கோன்குயின் பெயர் பெரியது, ஆசையும் பெரிது. ஆனால் மின்டன் பக்கத்திலிருந்து அங்கே போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். அம்மம்மாவோடு நாங்கள் டோர்செட் வரைதான் போனோம், முக்கால் மணித்தியாலம். வழி முழுக்க மலை வளைவில் மேப்பிள். அங்கே 30 மீற்றர் உயரப் பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. கால் உள்ளவர்கள் ஏறினார்கள், மற்றவர்கள் கீழே தேத்தண்ணி குடித்தோம். காலை பத்துக்கு முன் போய்விடுங்கள், பிறகு வண்டி வரிசை.

அல்கோன்குயின்தான் போவோம் என்றால், நாள் அனுமதிச்சீட்டை ஐந்து நாள் முன்பு காலை 7 மணிக்கே இணையத்தில் எடுங்கள். நிறக்காலத்தில் முடிந்துவிடும். நிற்காமல் 60ஆம் நெடுஞ்சாலையால் கடந்து போவதற்குச் சீட்டு தேவையில்லை. பூங்காவுக்குள் 56 கிலோமீற்றர் ஓடும் அந்த வீதியில் 43ஆம் கிலோமீற்றரில் பார்வையாளர் மையம், அதன் வெளித்தளத்திலிருந்தே காடு தெரியும். முழங்கால்காரர்களுக்கு அதுவே போதும். கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கு 42.5இல் ஸ்புரூஸ் பொக், ஒன்றரைக் கிலோமீற்றர், இடையிடையே பலகைப் பாதை. 39.7இல் உள்ள லுக்அவுட் செங்குத்து. இளசுகள் மட்டும்.

டோர்செட்டில் வண்டியை விட்டு இறங்கும்போது அம்மம்மா ஒரு சிவந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன் ராசா, அந்த மரத்துக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் இல்லைப் பூட்டி. குளிருக்கு ரெடியாகுது" என்றான் மகன். பச்சையம் உடைந்து போக, உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது என்றும், சிவப்பு மட்டும் இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாகிறது என்றும் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னான். பகலில் வெயில், இரவில் உறையாத குளிர், இரண்டும் சேர்ந்தால் சிவப்புக் கூடும். அம்மம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்கட வளவுப் பூவரசும் மஞ்சளாகித்தான் விழும். இவ்வளவு எடுப்பு இல்லை" என்றார். பிறகு கீழே கிடந்த இலையில் நல்லதாகப் பார்த்து மூன்றைப் பொறுக்கிக் கைப்பைக்குள் வைத்தார்.

புல்லுக்குள் நடந்து வந்தவர்களின் கால், முழங்கால் மடிப்பு, பிள்ளைகளின் தலை எல்லாம் இரவில் பாருங்கள். உண்ணி 4 பாகைக்கு மேல் இருந்தால் இலையுதிர்காலத்திலும் ஏறும்.

படி 9: ஞாயிறு

கூழ், நித்திரை, கடதாசி விளையாட்டு. வேறு ஒன்றும் போடாதீர்கள். ஒரே ஒரு விதி, தோணித்துறைக்குப் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடும் மிதவைச் சட்டையோடும் மட்டும். இந்த மாதத்து ஏரித் தண்ணீரில் விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு அடைக்கும்.

படி 10: திங்கள்

பெரும்பாலும் 11 மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூழ்ப்பானையை ஞாயிறு இரவே கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் நண்டு வாசனையோடுதான் லின்ட்சே வரை வருவீர்கள். ஒருவர் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்க, ஒருவர் கட்டிலுக்குக் கீழே பார்க்க, ஒருவர் குளியலறைத் தட்டைப் பார்க்க என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். நாங்கள் கொபோகொங்க் தாண்டின பிறகுதான், பின்சீட்டிலிருந்து அம்மம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்ல, பல்செட் வைத்த கோப்பையைத் தேடி வண்டியைத் திருப்பினோம்.